உண்டியலிலிருந்து கஞ்சித் தொட்டி வரை



தூரதேசத்தில் பஞ்சம் என்ற செய்தி வந்ததும் சங்கங்களில் முதலில் எழும் கேள்வி, "எவ்வளவு திரட்ட முடியும்?" என்பதுதான். திரண்ட தொகை எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்கு மாறி, எந்தச் சந்தையில் என்ன விலைக்குத் தானியமாகி, எத்தனை நாள் கழித்து ஒரு குழந்தையின் வாயை எட்டியது என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது. சில சமயம் வருவதேயில்லை. கையிருப்பு அதிகமில்லாத ஒரு சிறு தர்ம ஸ்தாபனம் கடல் கடந்த பஞ்சத்திற்கு நிதி திரட்டப் புகுமானால், இந்த இரண்டாவது கேள்விக்கு விடை கண்ட பிறகே முதல் கேள்வியைத் தொட வேண்டும் என்பது என் துணிபு. பெரிய ஸ்தாபனம் ஒரு முறை தவறினால் அடுத்த கப்பலில் சரி செய்துகொள்ளும். சிறு ஸ்தாபனத்துக்கு அடுத்த கப்பல் என்று ஒன்று பெரும்பாலும் இருப்பதில்லை.

இதை உபதேசமாகச் சொல்லிப் பயனில்லை. முன்பு இக்காரியத்தைச் செய்தவர்கள் எப்படிச் செய்தார்கள் என்று பார்ப்போம்.

பஞ்சம் என்பது யாது?

பஞ்சம் என்றால் நாட்டில் உணவு இல்லாமற் போவது என்றே நாம் பொருள் கொள்கிறோம். அது பாதி உண்மையே. 1943-ல் வங்காளத்தில் இருபது முதல் முப்பது லட்சம் ஜனங்கள் மாண்டனர். அதற்கு முந்தின வருஷம் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததால் பர்மா அரிசி வரவு நின்றது. போர்க்காலச் செலவினால் விலைவாசி ஏறியது. ஆயினும் மாண்டவர் யார் என்று பார்த்தால், நிலமில்லாத கூலிகள், மீன் பிடிப்போர், கைத்தொழில் செய்வோர் போன்றவர்களே பெரும்பாலோர். கல்கத்தாவின் கடைகளில் அரிசி இருந்தது. அதை வாங்கும் காசு இவர்களிடம் இல்லை. அப்பஞ்சத்தைச் சிறுவனாக நேரில் கண்ட அமர்த்தியா சென், பின்னாளில் பொருளாதார அறிஞராகி, 1981-ல் வெளியிட்ட நூலில் இதனை விளக்கிக் காட்டினார். உணவு இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. உணவைப் பெறும் வழி மனிதனுக்கு இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

நிதி திரட்டுவோருக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. பக்கத்துச் சந்தையில் தானியம் இருந்து ஜனங்களிடம் காசு இல்லையென்றால், நாம் காசு அனுப்பினால் போதும். சந்தையே வெறுமையாகி, வழியும் அடைபட்டிருந்தால், காசு அங்கே வெறும் காகிதம்; தானியமும் வண்டியும் கப்பலும் வேண்டும். எந்த வகைப் பஞ்சம் என்று தெரிந்துகொள்ளாமல் அரிசி மூட்டை சேர்ப்பதும் பழைய துணி சேர்ப்பதும் கப்பல் கூலிக்கு நஷ்டமாகவே முடியும்.

அயர்லாந்தில் மூவாயிரம் பேர்

அயர்லாந்துத் தீவில் 1841-ம் வருஷக் குடிக்கணக்குப்படி 81 லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் இருந்தனர். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் உருளைக்கிழங்கையே உண்டு வாழ்ந்தனர். 1845-ல் இலையுதிர் காலத்தில் கிழங்குச் செடியைத் தாக்கிய நோய், 1846-ல் விளைச்சல் முழுவதையுமே அநேகமாக அழித்துவிட்டது. சில நாட்களுக்குள் வயல்கள் கறுத்து அழுகி நாறின. அந்த வருஷங்களிலும் அயர்லாந்திலிருந்து வெண்ணெயும் கால்நடைகளும் ஓட்ஸ் தானியமும் இங்கிலாந்துக்குக் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தன. அரசாங்கம் கல்லுடைக்கவும் சாலை போடவும் ஆள் எடுத்தது. அந்தக் கூலியைக் கொண்டு ஏறிவிட்ட விலையில் ஒரு குடும்பம் உண்ண முடியவில்லை. பஞ்சமும் அதனோடு வந்த காய்ச்சலும் தீர்வதற்குள் சுமார் பத்து லட்சம் பேர் இறந்தனர். அதற்கும் அதிகமானோர் நாட்டை விட்டே வெளியேறினர்.

அத்தீவில் குவேக்கர் எனப்படும் நண்பர் சங்கத்தார் அப்போது மூவாயிரம் பேர் அளவில்தான் இருந்தனர். பெரும்பாலும் வியாபாரிகள். 1846 நவம்பரில் டப்ளின் நகரில் அவர்கள் ஒரு மத்திய நிவாரணக் குழுவை அமைத்தார்கள். ஜோசப் பியூலி, ஜோனதன் பிம் என்னும் இருவர் காரியதரிசிகள். லண்டனிலும் அவர்களுடைய சகோதரர்கள் ஒரு குழு அமைத்தார்கள். இவ்வளவு சிறிய கூட்டத்தார் செய்த வேலை, நூற்று எண்பது வருஷங்களுக்குப் பின்னும் படிப்பதற்குரியதாக இருக்கிறது.

அவர்கள் முதலில் ஆள் அனுப்பினார்கள். வில்லியம் ஃபாஸ்டர் என்னும் முதியவர் இங்கிலாந்திலிருந்து வந்து, அந்தக் குளிர்காலம் முழுவதும் அயர்லாந்தின் மேற்குப் பகுதிகளில் ஊர் ஊராகச் சுற்றினார். கண்டதை எழுதி அனுப்பினார். கஞ்சித் தொட்டி வைக்கத் தயாராக இருப்பவர்களைக் கண்ட இடத்திலேயே சிறு தொகை கொடுத்து ஆரம்பித்து வைக்கும் அதிகாரமும் அவரிடம் இருந்தது. அந்தக் கடிதங்களைக் குழுவினர் அச்சிட்டுப் பரப்பினார்கள். வெளியூரில் பணம் கேட்கும்போது அவர்கள் காட்டியது இந்தக் கடிதங்களைத்தான். கேட்பவன் தானே போய்ப் பார்த்துவிட்டுக் கேட்கிறான் என்ற எண்ணம் கொடுப்போருக்கு உண்டாயிற்று. இதற்குச் செலவு உண்டு; "நிவாரணப் பணத்தில் பிரயாணச் செலவா?" என்று முகம் சுளிப்போரும் உண்டு. ஆனால் பார்க்காமல் அனுப்பிய மூட்டைகள் துறைமுகத்தில் மக்கிப்போவதைவிட, பார்க்கப் போன ஒருவரின் படிச்செலவு மலிவானது.

மேற்குப் பகுதிகளில் நண்பர் சங்கத்தார் வசிக்கவேயில்லை என்று சொல்லலாம். ஆகவே அவர்கள் அங்கே தங்கள் பெயரில் கிளை திறக்க முயலாமல், அந்தந்த ஊரிலே ஏற்கனவே இருந்த கத்தோலிக்கப் பாதிரியார், புராட்டஸ்டண்ட் பாதிரியார், மாதர் குழுக்கள் ஆகியோர் மூலமாகவே வேலை செய்தார்கள். உதவி கேட்பவர்களுக்கு அச்சிட்ட கேள்வித்தாள் அனுப்பப்பட்டது. ஊரில் எத்தனை பேர்? வேறு யார் உதவுகிறார்கள்? பண்டம் வந்தால் பொறுப்பேற்பவர் யார்? இவற்றுக்கு விடை எழுதிக் கையொப்பமிட்ட பிறகே உதவி போயிற்று.

போன உதவியில் முக்கியமானது எது என்று நினைக்கிறீர்கள்? இரும்புக் கொப்பரை! கிட்டத்தட்ட முந்நூறு கொப்பரைகளை அவர்கள் ஊர்களுக்கு வழங்கினார்கள். ஊர் மனிதர்களிடம் மனம் இருந்தது. சிறிது மாவும் கிடைத்தது. ஐந்நூறு பேருக்கு ஒரே சமயத்தில் கஞ்சி காய்ச்சும் பாத்திரம்தான் இல்லை. நோன்புக் கஞ்சி காய்ச்சிப் பழகிய நமக்கு இது சொல்லாமலே விளங்கும். பஞ்சம் தீர்ந்த பிறகும் பாத்திரம் இருக்கும். டப்ளின் நகரில் 1847 ஜனவரியில் அவர்களே ஒரு கஞ்சிச் சாலை திறந்தார்கள். ஒரு லிட்டருக்குச் சற்று அதிகமான அளவுள்ள கஞ்சி ஒரு பென்னி; ரொட்டியும் சேர்த்தால் ஒன்றரைப் பென்னி. அந்தக் காசும் இல்லாதவருக்குக் கொடுப்பதற்காக, வசதியுள்ளோர் சீட்டுகளை மொத்தமாக வாங்கி வைத்திருந்தார்கள். கையேந்த வெட்கப்படுபவனும் வந்து வாங்கலாம். காசில்லாதவனும் சீட்டைக் கொண்டுவந்து அதே வரிசையில் நிற்கலாம்.

உண்பவனின் மதத்தை அவர்கள் கேட்கவில்லை. வேறு சில கூட்டத்தார் அப்படிச் செய்யவில்லை. கஞ்சி வேண்டுமானால் எங்கள் சபைக்கு வா, எங்கள் பள்ளியில் பிள்ளையைச் சேர் என்றார்கள். "கஞ்சி வாங்கியவன்" என்பது அயர்லாந்தில் இன்றுவரை ஒரு வசைச்சொல். பசிக்காக மார்க்கத்தை விட்டவன் என்று அதற்குப் பொருள். பசித்தவனிடம் நிபந்தனை பேசியவர்களின் பெயர் அப்படி நிலைத்தது. குவேக்கர்களின் பெயரை அந்நாட்டார் நன்றியோடு நினைக்கிறார்கள். மார்க்கப் பெயரோடு இயங்கும் எந்தச் சங்கமும், அது எந்த மார்க்கமாயினும், வெளிநாட்டுக்கு உணவு அனுப்புமுன் இந்த இரண்டையும் எடை போட்டுப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. கால்வே நகரை அடுத்த கிளாடா என்னும் குப்பத்தில் மீனவர்கள் பட்டினி கிடந்தார்கள். கடலில் மீன் இருக்கிறதே, ஏன் பட்டினி? மாவு வாங்குவதற்காக வலையையும் கயிற்றையும் அடகு வைத்துவிட்டார்கள்! குழுவினர் அவர்களுக்குக் கடன் கொடுத்து அடகுப் பொருள்களை மீட்க வைத்தார்கள். ஒரு குடும்பத்துக்கு மாதக்கணக்கில் கஞ்சி ஊற்ற ஆகும் செலவைவிட, ஒரு வலையை மீட்க ஆகும் செலவு எவ்வளவு குறைவு என்று எண்ணிப் பாருங்கள். அப்படியே, விதைக்கிழங்கையும் தின்று தீர்த்துவிட்ட உழவர்களுக்கு டர்னிப் முதலிய காய்கிழங்குகளின் விதைகளை வாங்கி அனுப்பினார்கள். அவை பஞ்ச நோய் தாக்காத பயிர்கள்.

எல்லாம் நன்றாகவே நடந்தது என்றும் சொல்வதற்கில்லை. அந்நாட்டார் அதுவரை அதிகம் அறியாத மக்காச்சோளம் அமெரிக்காவிலிருந்து வந்தது. சரியாக அரைக்காமலும் வேகவைக்காமலும் உண்டவர்களுக்கு வயிற்றுக்கடுப்பு கண்டது. மூட்டையை அனுப்புவதோடு சமைக்கும் முறையையும் சொல்லி அனுப்ப வேண்டியிருந்தது. இன்றும் பட்டினியால் மிகவும் மெலிந்துபோன குழந்தைக்கு நம் வீட்டு உணவை அப்படியே கொடுக்கக்கூடாது. அதற்கென்று மருத்துவர் வகுத்த பாலும் நிலக்கடலைப் பசையும் வேறு. பிரியாணிச் சோறு அனுப்பலாமே என்று ஆசைப்படுவோர் இதைக் கருத வேண்டும்.

பணம் எங்கிருந்து வந்தது?

அயர்லாந்துக்காக முதன்முதலில் வெளியிலிருந்து நிதி திரட்டிய ஊர்களில் கல்கத்தாவும் ஒன்று. அங்கிருந்த ஆங்கிலப் பட்டாளத்தில் அயர்லாந்துச் சிப்பாய்கள் பலர் இருந்தனர். அவர்களும் மற்றோரும் சேர்ந்து கொடுத்தது சுமார் 14,000 பவுன். அமெரிக்காவில் சாக்டா என்னும் செவ்விந்தியக் குடியினர் 1847 மார்ச்சில் கூட்டம் கூடி, 170 டாலர் சேர்த்து அனுப்பினார்கள். தங்கள் பூர்வ நிலத்திலிருந்து விரட்டப்பட்டு, வழியிலேயே ஆயிரக்கணக்கில் மாண்டு, அப்போது பதினாறு வருஷம்தான் ஆகியிருந்தது. அந்த 170 டாலரை அயர்லாந்து மறக்கவில்லை. கார்க் மாவட்டத்தில் மிடில்டன் என்னும் ஊரில் 2017-ல் அதற்கு நினைவுச் சின்னம் திறந்தார்கள். 2020-ல் தொற்றுநோயால் நவாஹோ, ஹோப்பி என்னும் வேறு செவ்விந்தியக் குடியினர் துன்புற்றபோது, அந்தப் பழைய உதவியைச் சொல்லியே அயர்லாந்துக்காரர் பலர் பணம் அனுப்பினார்கள்.

துருக்கி சுல்தான் அப்துல் மஜீதும் 1847-ல் ஆயிரம் பவுன் கொடுத்தார். அயர்லாந்துப் பிரபுக்கள் கையொப்பமிட்டு அனுப்பிய நன்றிக் கடிதம் துருக்கியில் பாதுகாக்கப்பட்டு வருகிறது. இங்கே ஒரு வார்த்தை. சுல்தான் ரகசியமாகத் தானியக் கப்பல்கள் அனுப்பி டிராஹெடா துறைமுகத்தில் இறக்கினார் என்றும், அதன் நினைவாகவே அவ்வூர்ச் சின்னத்தில் பிறையும் நட்சத்திரமும் இருக்கின்றன என்றும் மேடைகளில் பேசப்படுகிறது. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சின்னம் பஞ்சத்துக்குப் பல நூற்றாண்டு முற்பட்டது. கப்பல்களை அனுப்பியவர் சுல்தான்தான் என்பதற்கும் உறுதியான ஆதாரம் கிடையாது. கடிதத்தால் நிரூபணமாகும் ஆயிரம் பவுனே போதுமான பெருமை. நிதி திரட்டும் மேடையில் ஒரு செய்தி பொய்யென்று தெரிந்துவிட்டால், அடுத்து நாம் படிக்கும் கணக்கையும் ஜனங்கள் நம்பமாட்டார்கள்.

கப்பல் கூலி விஷயத்தையும் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் சேர்ந்த தானியத்தை ரயில் கம்பெனிகள் இலவசமாக ஏற்றிச் சென்றன. கடல் கடக்கும் கூலியை ஆங்கில அரசாங்கம் ஏற்றது. பாஸ்டன் நகரத்தார் கேட்டுக்கொண்டதன் பேரில் அமெரிக்கக் காங்கிரஸ் ஜேம்ஸ்டவுன் என்னும் போர்க்கப்பலையே தந்தது. பீரங்கிகளை இறக்கிவிட்டுத் தானியம் ஏற்றிக்கொண்டு, 1847 மார்ச் 28-ல் புறப்பட்ட அக்கப்பல் பதினைந்து நாளில் கார்க் துறையை அடைந்தது. ஒரு பவுனில் எத்தனை ஷில்லிங் உணவாயிற்று என்பதைத் தீர்மானிப்பது இந்தக் கூலிதான். ஆகவே சிறு ஸ்தாபனங்கள் பணத்தை மட்டுமே கேட்கிறோம் என்று நினைக்க வேண்டாம். கூலியைத் தள்ளுபடி செய்யும் ஒரு கப்பல் ஏஜண்டைத் தேடிப்பிடிப்பதும் நிதி திரட்டுவதில் சேர்ந்ததே.

பணமும் பண்டமுமாக நண்பர் சங்கக் குழுவின் கைவழியே போனது ஏறக்குறைய இரண்டு லட்சம் பவுன். 1852-ல் எல்லாக் கடிதங்களையும் கணக்கையும் ஒரு பெரிய புத்தகமாக அச்சிட்டு வெளியிட்டார்கள். எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதும் அதில் உண்டு.

ஆயினும் அளவை மறக்கக்கூடாது. அவர்கள் காட்டிய வழியைப் பார்த்து அரசாங்கமே 1847-ல் கஞ்சித் தொட்டிகள் திறந்தபோது, ஜூலை மாதத்தில் ஒரு நாளைக்கு முப்பது லட்சம் பேர் உண்டார்கள். எந்தச் சங்கத்தாலும் ஆகாத காரியம் அது. அரசாங்கம் அந்தத் தொட்டிகளை அவ்வருஷ இலையுதிர் காலத்திலேயே மூடிவிட்டது, சாவு தொடர்ந்தது. 1849-ல் பிரதம மந்திரி, நண்பர் சங்கக் குழுவுக்கு நூறு பவுன் தருகிறோம், மறுபடியும் வேலையைத் தொடங்குங்கள் என்றார். அவர்கள் வாங்க மறுத்தார்கள். இனி இது தனியார் தர்மத்தால் தாங்கக்கூடிய பாரம் அல்ல, அரசாங்கமும் சட்டமும் செய்ய வேண்டியது என்று வெளிப்படையாகவே எழுதினார்கள். நூறு பவுனை வாங்கியிருந்தால், நிவாரணம் நடக்கிறது என்று பிரதம மந்திரி பாராளுமன்றத்தில் சொல்லிக்கொண்டிருந்திருப்பார். பணத்தை மறுத்ததும் அவர்கள் செய்த நிவாரண வேலையில் ஒரு பகுதி என்றே நான் எண்ணுகிறேன்.

முற்றுகைக்குள் புகுந்த கப்பல்

இனி, காசு இருந்தும் உணவு போக வழியில்லாத பஞ்சம் ஒன்றைப் பார்ப்போம். 1941 ஏப்ரலில் ஜெர்மானியர் கிரீஸ் தேசத்தைப் பிடித்தார்கள். அந்நாடு தனக்கு வேண்டிய கோதுமையில் பெரும் பங்கை வெளியிலிருந்தே வாங்கி வந்தது. தானியம் விளையும் வடகிழக்குப் பகுதி பல்கேரியர் கையில் சிக்கியது. கடல் வழியை ஆங்கிலேயர் முற்றுகையிட்டிருந்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் ஏதன்ஸ் நகரத் தெருக்களில் மனிதர்கள் விழுந்து மாண்டார்கள். அந்நிய ஆட்சிக்காலத்தில் பஞ்சத்தால் இறந்தோர் சுமார் மூன்று லட்சம் என்று பொதுவாகக் கணக்கிடப்படுகிறது.

துருக்கி அப்போது போரில் சேராத நாடு. அதற்கும் கிரீஸுக்கும் இருபது வருஷத்துக்கு முன்புதான் கொடிய யுத்தம் நடந்திருந்தது. ஆயினும் 1941 அக்டோபரில் செம்பிறைச் சங்கத்தின் சின்னத்தைப் பக்கங்களில் பெரிதாகத் தீட்டிக்கொண்டு, குர்துலுஷ் என்னும் பழைய சரக்குக் கப்பல் இஸ்தான்புல்லிலிருந்து உணவேற்றிப் புறப்பட்டது. அப்பெயருக்கு விடுதலை, மீட்சி என்று பொருள். சரக்கு வாங்க அமெரிக்காவிலிருந்த கிரேக்கர்கள் திரட்டிய நிதி பயன்பட்டது. கொடுத்தவன் அமெரிக்காவில், தானியம் துருக்கியில், உண்பவன் ஏதன்ஸில். முற்றுகையைத் தாண்ட அனுமதி தர வேண்டியவர் லண்டனில். கரையிலே அதைத் தொடாமலிருக்க வாக்குத் தர வேண்டியவர் பெர்லினில். இத்தனை பேரும் சம்மதித்த பிறகே ஒரு மூட்டை பயறு இறங்க முடிந்தது. நான்கு முறை போய் வந்த அக்கப்பல், ஐந்தாம் பயணத்தில், 1942 ஜனவரி 20-ல் புயலில் சிக்கி மர்மரா கடலில் மூழ்கியது. அதன் இடத்தை தும்லுபினார் என்னும் கப்பல் ஏற்றது. ஆனால் ஒரு நாட்டின் பசிக்கு இவை போதவில்லை. 1942-ன் பிற்பகுதியில் ஆங்கிலேயர் முற்றுகையைத் தளர்த்தி, கனடா மாதந்தோறும் கொடுத்த 15,000 டன் கோதுமையை ஸ்வீடன் தேசத்துக் கப்பல்கள் கொண்டுவரத் தொடங்கியபோதுதான் நிலைமை மாறியது.

முற்றுகை தளர்ந்ததற்கு ஜனங்களின் குரலும் ஒரு காரணம். இங்கிலாந்தில் ஊர்தோறும் பஞ்ச நிவாரணக் குழுக்கள் ஏற்பட்டு, அரசாங்கத்தை நெருக்கின. எதிரியின் கையில் இருக்கும் நாட்டுக்கு உணவு அனுப்பு என்று யுத்த காலத்தில் கேட்பது எவ்வளவு கடினம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அவற்றில் ஒன்று 1942 அக்டோபர் 5-ல் ஆக்ஸ்போர்டு நகரில் ஒரு மாதா கோயிலின் பழைய நூலக அறையில் கூடியது. கோயில் பாதிரியார் மில்ஃபர்ட், கிரேக்க மொழிப் பேராசிரியராயிருந்து ஓய்வு பெற்ற கில்பர்ட் மரே, குவேக்கர்கள் சிலர், பின்னர் கௌரவக் காரியதரிசியாக வந்த ஜாக்ஸன் கோல் என்னும் வியாபாரி ஆகியோர் அதில் முக்கியமானவர்கள். 1943 அக்டோபரில் ஆக்ஸ்போர்டில் "கிரேக்க வாரம்" என்று ஒரு வாரம் முழுவதும் நிதி திரட்டினார்கள். பன்னிரண்டாயிரம் பவுனுக்கு மேல் சேர்ந்தது. அதைக் கொண்டு தாங்களே ஆள் வைத்துக் கிரீஸில் கடை திறக்கவில்லை. அங்கே ஏற்கனவே இருந்த கிரேக்கச் செஞ்சிலுவைச் சங்கத்திடம் ஒப்படைத்தார்கள். அந்தச் சிறு குழுதான் பின்னாளில் ஆக்ஸ்ஃபாம் என்று உலகறிந்த ஸ்தாபனமாயிற்று. தந்தி விலாசத்துக்காகச் சுருக்கிய பெயரே 1965-ல் அதன் சட்டப் பெயரானது.

நேரம் தவறிய பணம்

சோமாலியாவில் 2010-ன் பிற்பகுதியிலேயே மழை பொய்க்கும் என்று எச்சரிக்கைகள் வந்துவிட்டன. மழை பொய்த்தது. கால்நடைகள் மாண்டன, சோளம் விலை ஏறியது. பணம் வரவில்லை. ஐக்கிய நாடுகள் சபை 2011 ஜூலை 20-ல் "பஞ்சம்" என்ற சொல்லை முறைப்படி அறிவித்த பிறகு, எலும்பும் தோலுமான குழந்தைகளின் படங்கள் பத்திரிகைகளில் வந்த பிறகே, உலகெங்கும் நிதி குவிந்தது. பின்னர் நடந்த ஆய்வில், 2010 அக்டோபர் முதல் 2012 ஏப்ரல் வரை இறந்தோர் சுமார் 2,58,000 என்று கண்டார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். சாவில் ஏறக்குறைய பாதி, அந்த அறிவிப்பு வருவதற்கு முன்பே நிகழ்ந்துவிட்டது. படம் வரும் வரை காத்திருந்து திரட்டிய பணம் இந்தப் பாதிப் பேருக்கு உதவவில்லை.

அங்கே பல இடங்களில் சந்தையில் தானியம் இருந்தது, காசுதான் இல்லை. பெரிய ஸ்தாபனங்கள் சிலவற்றை ஆயுதக் கூட்டத்தார் உள்ளே விடவில்லை. அப்போது உள்ளூர் ஹவாலா வியாபாரிகள் மூலம் குடும்பங்களின் கையில் நேராகக் காசு சேர்க்கும் வழியைப் பல தொண்டு ஸ்தாபனங்கள் கைக்கொண்டன. ஒரு தாய் தன் பிள்ளைக்குப் பால் வேண்டுமா, மருந்து வேண்டுமா, தண்ணீர் வண்டிக்குக் கொடுக்க வேண்டுமா என்று தானே முடிவு செய்தாள். மூட்டைகளைப் போல அதைப் படம் பிடித்துக் காட்ட முடியாது; ஆகவே நிதி கேட்பவருக்கு இது சிரமமான வழிதான்.

நம் கையிலுள்ள காரியம்

மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ உள்ள ஒரு சங்கம் இப்படி நிதி திரட்ட நினைத்தால் முதலில் சட்டத்தைப் பார்க்க வேண்டும். வீடு வீடாகவும் தெருவிலும் வசூல் செய்வதைக் கட்டுப்படுத்தும் 1947-ம் வருஷச் சட்டம் இரு நாடுகளிலும் உண்டு; லைசென்ஸ் இல்லாமல் உண்டியலோடு இறங்கக்கூடாது. சிங்கப்பூரில் வெளிநாட்டுத் தர்மத்துக்கென்று பொதுமக்களிடம் வசூலிக்க அறக்கொடை ஆணையாளரின் அனுமதி தனியாக வேண்டும். வசூலில் செலவு போக எண்பது சதவீதம் சிங்கப்பூரிலேயே செலவிடப்பட வேண்டும் என்பது பொது விதி. பேரிடர் நிவாரணத்துக்கு இவ்விதியைத் தளர்த்தும் அதிகாரம் ஆணையாளருக்கு உண்டு. ஆனால் முன்னதாகவே விண்ணப்பித்துப் பெற வேண்டும். ஏற்கனவே அனுமதி பெற்ற ஸ்தாபனம் ஒன்றோடு சேர்ந்து திரட்டுவது சிறு சங்கங்களுக்குச் சுலபம்.

ஜகாத் பணத்தை இந்த நிதியில் சேர்க்கலாகாது. அதை வசூலிக்கும் பொறுப்பு சிங்கப்பூரில் முயிஸ் மன்றத்துக்கும், மலேசியாவில் அந்தந்த மாநில இஸ்லாமிய மன்றத்துக்கும் உரியது. நாம் கேட்பது ஸதகா. ரசீதிலேயே "ஸதகா - பஞ்ச நிவாரணம்" என்று அச்சிட்டுவிட்டால் பின்னால் குழப்பம் வராது.

நிர்வாகச் செலவு விஷயத்தில் நம்மவரிடம் ஒரு பொய்க் கௌரவம் உண்டு. "ஒரு காசும் செலவில்லை, அத்தனையும் ஏழைக்கே" என்று விளம்பரம் செய்கிறோம். பாங்கு கமிஷன் உண்டு. நாணய மாற்றில் நஷ்டம் உண்டு. அங்கே லாரி வாடகை உண்டு. கணக்குப் பார்ப்பவருக்குச் சம்பளம் உண்டு. இவற்றைச் சங்கத்தின் பொது நிதியிலிருந்து ஏற்பதானால் அப்படிச் சொல்லலாம். இல்லையேல் நூறு வெள்ளியில் இத்தனை வெள்ளி வழிச்செலவு என்று முன்கூட்டியே அறிவித்துவிடுவதே நாணயம்.

கடைசியாக, மிச்சப் பணம். பஞ்சம் எதிர்பார்த்ததற்கு முன்பே தணியலாம், வழி அடைபடலாம், அங்கே பொறுப்பேற்றவர் விலகலாம். அப்போது கையிலிருக்கும் தொகையை என்ன செய்வது? கொடுத்தவர் ஒரு குறிப்பிட்ட பஞ்சத்துக்கென்று கொடுத்திருக்க, நிர்வாகக் குழு தன் விருப்பப்படி கட்டட நிதிக்கு மாற்றினால் அது நம்பிக்கை மோசமாகும். போர் முடிந்ததும் இங்கிலாந்தின் நிவாரணக் குழுக்கள் பல, வேலை முடிந்தது என்று கலைந்துவிட்டன. ஆக்ஸ்போர்டுக் குழுவினர் கலையவில்லை. தங்கள் நோக்கத்தையே 1949-ல் முறைப்படி விரித்து, உலகில் எங்கே எக்காரணத்தால் துன்பம் வந்தாலும் உதவலாம் என்று எழுதிக்கொண்டார்கள். அதன்படியே 1951-ல் இந்தியாவின் பீகார் பஞ்சத்துக்கு உதவினார்கள். ஆகவே, வேண்டுகோள் அறிக்கையை அச்சுக்குக் கொடுக்கும்போதே, "இப்பஞ்சத்துக்குப் பயன்படாமல் எஞ்சும் தொகை இன்ன காரியத்துக்குச் செலவிடப்படும்; திருப்பிக் கேட்பவர்கள் இன்ன தேதிக்குள் எழுத வேண்டும்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். ரசீதின் பின்புறத்தில் அதற்கு இடம் இருக்கிறது.